டிஸ்க் நிறைந்ததாம்: யார் நிறைத்தது என்று டெர்மினலில் பார்ப்பது எப்படி

ஹட்டனிலோ பண்டாரவளையிலோ கம்பியூட்டர் திருத்தும் கடைக்குப் போய் "டிஸ்க் ஃபுல் என்று வருகிறது" என்று சொல்லிப் பாருங்கள். அநேகமாக மூன்று பதில்களில் ஒன்று கிடைக்கும். வைரஸ். டிஸ்க் பழுது. புதுசு ஒன்று போட வேண்டும். மூன்றும் சில வேளைகளில் உண்மையாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் அவை யாரும் எண்ணிப் பார்க்காமலே சொல்கிற பதில்கள்.

எண்ணிப் பார்ப்பது அப்படியொன்றும் கஷ்டமில்லை. லினக்ஸ் இயங்குதளத்தில் அதற்கென்று டிஎஃப், டியூ என்று இரண்டு சின்னக் கட்டளைகள் இருக்கின்றன. சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே வேலையைச் செய்பவை என்று பலரும் நினைக்கிறார்கள். ஒன்று 104 ஜிபி என்கிறது, மற்றது 71 ஜிபி என்கிறது. உடனே ஏதோ ஒன்று பொய் சொல்கிறது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டுமே பொய் சொல்லவில்லை. இரண்டிடமும் நாம் கேட்கிற கேள்வி வேறு. அது புரிந்துவிட்டால், காணாமல்போன 33 ஜிபி எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை அந்த வித்தியாசமே காட்டிக்கொடுக்கும்.

இதை இப்போது எழுதக் காரணம் உண்டு. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் திகதியோடு முடிந்தது. பழைய மடிக்கணினியைத் தூக்கி எறிய மனமில்லாதவர்களும், ரியூஷன் வகுப்புக்காரர்களும், சின்ன ஸ்டூடியோக்காரர்களும் லினக்ஸ் மிண்ட், உபுண்டு என்ற லினக்ஸ் வகைகளின் பக்கம் வருகிறார்கள். அந்தக் கணினிகளில் பலவற்றில் இருப்பது 128 ஜிபி டிஸ்க். நிறைவதற்கு நாள் எடுக்காது.

தொடங்கும் முன் இரண்டு விஷயம். நம் ஆட்கள் "மெமரி ஃபுல்" என்று சொல்வதில் இரண்டு வேறு பொருள்கள் கலந்துவிடுகின்றன. ரேம் என்பது மின்சாரம் போனால் வெறுமையாகிவிடும் இடம். இங்கே பேசப்போவது மின்சாரம் போனாலும் கோப்புகள் தங்குகிற டிஸ்க்கைப் பற்றி மட்டும். அப்புறம், கட்டளைகளை உச்சரிக்கிற விதத்தில் தமிழெழுத்தில் தருகிறேன். நீங்கள் தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்ட வேண்டும். பெரிய எழுத்து தேவைப்படுகிற இடத்தில் தனியாகச் சொல்கிறேன். லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றல்ல. தட்ட வேண்டிய இடம் டெர்மினல். கட்டளையை எழுத்தாகக் கொடுத்து, பதிலையும் எழுத்தாகவே வாங்குகிற அந்தக் கறுப்புச் சாளரம்தான் அது.

## லயத்துக் காம்பராவும் டிஸ்க்கும்

ஒரு தேயிலைத் தோட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தொழிலாளர் குடியிருக்கிற லயங்கள் வரிசையாக நிற்கின்றன. அதில் எல்லாக் காம்பராவும், அதாவது அறையும், ஒரே அளவு. வருகிற குடும்பத்தில் ஒரே ஆள்தான் என்றாலும் ஒரு முழுக் காம்பராவைக் கொடுத்தாக வேண்டும். அரைக் காம்பரா, கால் காம்பரா என்று பிரித்துக் கொடுக்க வழியில்லை. ஆள் கூடினால் இன்னொரு காம்பரா. (நிஜத் தோட்டத்தில் ஒன்பது பேருக்கும் அதே ஒரு காம்பராதான் என்பது வேறு கதை. டிஸ்க் அந்த விஷயத்தில் துரைமாரைவிடத் தாராளம்.)

டிஸ்க்கும் இப்படித்தான் பிரிக்கப்பட்டிருக்கிறது. அதன் காம்பராவுக்குப் பெயர் பிளாக். லினக்ஸில் வழக்கமாக ஒரு பிளாக் 4096 பைட், அதாவது 4 கேபி. கோப்பு என்ற குடும்பம் வந்தால் அதற்குத் தேவையான அளவு பிளாக்குகள் முழுசு முழுசாக ஒதுக்கப்படும். பத்தே பத்து எழுத்து உள்ள கோப்பு கூட ஒரு முழுப் பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும்.

எந்தக் காம்பராவில் யார் என்ற கணக்கு எங்கேயாவது இருக்க வேண்டும் அல்லவா? தோட்டத்து ஆபீஸில் அது மூன்று விதமாக இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதலாவது, சுவரில் ஒரு பலகை: மொத்தக் காம்பரா இவ்வளவு, ஆள் இருப்பது இவ்வளவு, காலி இவ்வளவு. இரண்டாவது, செக்ரோல்: பேர்ப் பட்டியல். மூன்றாவது, குடும்பத்துக்கு ஓர் அட்டை: இந்தக் குடும்பம் இன்னின்ன காம்பராக்களில் இருக்கிறது என்ற விபரம். டிஸ்க்கில் இந்த மூன்றையும் பராமரிக்கிற ஏற்பாட்டுக்குக் கோப்பு முறைமை என்று பெயர். லினக்ஸில் மிகப் பரவலானது எக்ஸ்ட்4. இந்தக் கட்டுரையில் வரும் எண்கள் எல்லாம் அதற்கானவை.

சுருக்கமாக: டிஸ்க் என்பது சம அளவான பிளாக்குகளின் வரிசை. எத்தனை பிளாக் காலி என்ற மொத்தக் கணக்கு ஓர் இடத்தில், எந்தப் பேருக்கு எத்தனை பிளாக் என்ற விபரம் வேறோர் இடத்தில்.

## முதல் கேள்வி: மொத்தத்தில் எவ்வளவு காலி?

டிஎஃப் -எச்

இதைத் தட்டி என்டர் அழுத்தினால் ஒரு நொடிக்குள் பதில் வரும். டிஎஃப் எந்தக் கோப்பையும் திறந்து பார்ப்பதில்லை. ஆபீஸுக்குள் போய்ச் சுவர்ப் பலகையை வாசித்துவிட்டு வந்துவிடுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் டிஸ்க் எவ்வளவு பெரிதென்றாலும் இத்தனை வேகம். '-எச்' என்ற ஒட்டு, எண்களை மனிதருக்கு வாசிக்கத்தக்கதாக ஜிபி, எம்பி கணக்கில் காட்டச் சொல்கிறது.

பதிலில் பல வரிகள் இருக்கும். முதல் தடவை பார்ப்பவர் அதிலேயே மிரண்டுபோகலாம். 'டிஎம்பிஎஃப்எஸ்' என்று தொடங்கும் வரிகளை விட்டுவிடுங்கள். அவை ரேமில் இருப்பவை. கடைசி நெடுவரிசையில் '/' என்ற சாய்கோடு மட்டும் இருக்கிற வரிதான் உங்கள் முக்கிய டிஸ்க். 128 ஜிபி என்று சொல்லி வாங்கிய டிஸ்க்கில் அந்த வரி இப்படி இருக்கலாம்: மொத்தம் 117ஜி, பாவித்தது 104ஜி, மீதி 7.1ஜி, பாவனை 94%.

இந்த ஒரு வரியிலேயே இரண்டு சண்டைகள் காத்திருக்கின்றன.

முதல் சண்டை: 128 எப்படி 117 ஆனது? டிஸ்க் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபி என்றால் 100 கோடி பைட் என்று எண்ணுகிறார்கள். டிஎஃப் -எச் 1024-இன் பெருக்கத்தில் எண்ணுகிறது. அதன் கணக்கில் ஒரு ஜிபி 107 கோடியே 37 இலட்சம் பைட் சொச்சம். ஆகவே 128 என்பது 119 ஆகிவிடுகிறது. 500 ஜிபி டிஸ்க் 465 ஆவதும் இதனால்தான். கடைக்காரர் ஏமாற்றவில்லை. சந்தேகமாக இருந்தால் பெரிய எழுத்து எச் போட்டு 'டிஎஃப் -எச்' கொடுங்கள், தயாரிப்பவர் கணக்கிலேயே காட்டும். மிச்சம் 2 ஜிபியைக் கோப்பு முறைமை தன் சொந்த ஏடுகளுக்கு, முக்கியமாக அந்தக் குடும்ப அட்டைகளுக்கு, முன்கூட்டியே எடுத்து வைத்துவிட்டது.

இரண்டாவது சண்டை: 104-உம் 7-உம் 111 தானே, மீதி 6 ஜிபி எங்கே? இதைக் கேட்பவர்கள் குறைவு, ஆனால் கேட்க வேண்டிய கேள்வி. எக்ஸ்ட்4 கோப்பு முறைமையை உருவாக்கும்போது, வேறு சொல்லாவிட்டால், 5 சதவீத இடத்தைக் கணினியின் நிர்வாகிக்கென்று ஒதுக்கி வைத்துவிடும். நிர்வாகி என்பது லினக்ஸில் ரூட் என்ற கணக்கு. சாதாரணப் பாவனையாளர் டிஸ்க்கை முட்ட முட்ட நிரப்பிவிட்டாலும், ரூட் உள்ளே வந்து வேலை செய்ய இடம் இருக்க வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடுதான். சதவீதத்தைக் கணக்கிடும்போதும் டிஎஃப் இந்த ஒதுக்கிய பகுதியைச் சேர்ப்பதில்லை. அதனால்தான் 117-இல் 104 என்பது 89% ஆக இல்லாமல் 94% என்று வருகிறது. நமக்குப் பயன்படுத்தக் கிடைக்கிற இடத்தில் எவ்வளவு போய்விட்டது என்பதே அந்தச் சதவீதம்.

படங்களும் வீடியோவும் மட்டும் வைக்கிற இரண்டாவது டிஸ்க் ஒன்று எக்ஸ்ட்4-இல் இருந்தால், அதில் 5 சதவீதம் ஒதுக்குவது கொஞ்சம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். அதைக் குறைக்கலாம். லினக்ஸ் இருக்கிற முக்கிய டிஸ்க்கில் மட்டும் அதில் கை வைக்காதீர்கள்.

## இரண்டாவது கேள்வி: யாரிடம் எவ்வளவு?

டியூ -எஸ்எச் ஃபோல்டரின்-பெயர்

டியூ செய்வது வேறு வேலை. கணக்கப்பிள்ளை செக்ரோலைக் கையில் எடுத்துக்கொண்டு, முதல் பேரிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும் போய், ஒவ்வொரு குடும்பத்தின் அட்டையையும் புரட்டி, இவர்களுக்கு எத்தனை காம்பரா என்று கூட்டிக்கொண்டே வருவதைப் போன்றது. ஆகவே நேரம் எடுக்கும். இலட்சக்கணக்கான கோப்புகள் உள்ள பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு தேநீர் குடித்துவிட்டு வரலாம். உடனே இன்னொரு முறை ஓட்டினால் சட்டென்று முடியும். அட்டைகளில் பல இப்போது ரேமில் இருக்கின்றன. 'எஸ்' என்பது உள்ளே இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரையும் வரிசையாகக் கொட்டாமல் கூட்டுத்தொகையை மட்டும் சொல் என்பதற்கு.

டியூ எண்ணுவது காம்பராக்களை. ஆட்களை அல்ல. இந்த இடத்தில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நூறு பைட் உள்ள ஒரு குறிப்பை எல்எஸ் என்ற பட்டியல் கட்டளை 100 என்று காட்டும், டியூ 4 கேபி என்று காட்டும். ஒரு கோப்பில் இது ஒரு பொருட்டே இல்லை. அப்படிப்பட்ட கோப்பு ஒரு இலட்சம் இருந்தால்? உள்ளே இருக்கிற எழுத்து எல்லாம் சேர்ந்து 10 எம்பிதான். டிஸ்க்கில் போன இடமோ 400 எம்பியைத் தொடும். எதிர்ப்பக்கமும் நடக்கும். மெய்நிகர் கணினி (கணினிக்குள் மென்பொருளாக ஓடுகிற இன்னொரு கணினி) ஒன்றுக்கு 20 ஜிபி டிஸ்க் கோப்பு உருவாக்கினால் எல்எஸ் 20 என்று காட்டலாம், டியூ 3 என்று காட்டலாம். இன்னும் எழுதப்படாத பகுதிக்குப் பிளாக் ஒதுக்கப்படவில்லை, அதனால்தான். பிளாக் கணக்கு வேண்டாம், உள்ளடக்கத்தின் அளவு மட்டும் வேண்டும் என்றால் '--அப்பாரண்ட்-சைஸ்' என்ற ஒட்டைச் சேர்க்கலாம்.

இந்த இரண்டு கட்டளைகளும் நேற்று வந்தவை அல்ல. லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின், 1971 நவம்பரில் தேதியிட்ட முதல் கையேட்டிலேயே இரண்டும் தனித்தனியாக இருக்கின்றன. யூனிக்ஸை உருவாக்கியவர்கள் அப்போது வேலை செய்த பிடிபி-11 கணினியின் டிஸ்க் 512 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கிற ஒரு படம் அதில் அடங்காது. அந்த அளவு டிஸ்க்கிலேயே இந்த இரண்டு கேள்விகளையும் பிரித்துக் கேட்க வேண்டியிருந்திருக்கிறது.

## இதுவரை பார்த்தது

டிஎஃப் பலகையை வாசிக்கிறது: முழு டிஸ்க்கில் எத்தனை பிளாக் போய்விட்டது, எத்தனை மீதி. டியூ பேர்ப் பட்டியலைப் பின்தொடர்கிறது: பேர் உள்ள கோப்புகளிடம் எத்தனை பிளாக். பேர் இல்லாமல் யாராவது காம்பராவில் இருந்தால் டிஎஃப்பின் கணக்கில் அது வரும், டியூவின் கணக்கில் வராது.

பேர் இல்லாமல் எப்படி இருக்க முடியும் என்பதுதான் அடுத்தது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் அதையே வையுங்கள்.

## பேர் வெட்டியும் காலியாகாத காம்பரா

தோட்டத்தில் பேர் வெட்டுவது என்றால் என்னவென்று நமக்குத் தெரியும். செக்ரோலில் பேர் இல்லை. ஆனால் பேர் வெட்டிய அன்றே காம்பரா காலியாகிவிடுகிறதா? உள்ளே ஆள் இருக்கும்வரை அது காலியில்லை. பலகையில் அது இன்னும் ஆள் உள்ள காம்பராதான்.

லினக்ஸில் ஒரு கோப்பை அழிப்பது என்பது அதன் பேரை வெட்டுவது மட்டும்தான். அந்தக் கோப்பை ஏதாவது ஒரு நிரல் திறந்து வைத்துக்கொண்டிருந்தால், அது மூடும்வரை பிளாக்குகள் விடுவிக்கப்படமாட்டா. நிரல் அந்தப் பேரில்லாத கோப்பில் தொடர்ந்து எழுதிக்கொண்டும் இருக்கலாம். இடம் இன்னும் குறைந்துகொண்டே போகும், ஆனால் எந்த ஃபோல்டரிலும் அந்தக் கோப்பைக் கண்ணால் காண முடியாது.

இது பெரும்பாலும் நடப்பது லாக் கோப்புகளில். லாக் என்பது ஒரு நிரல் தான் செய்ததையும் தனக்கு நேர்ந்த பிழைகளையும் எழுதி வைக்கிற குறிப்பேடு. ஏதோ ஒரு கோளாறால் ஒரு நிரல் ஒரே பிழையை நொடிக்கு நூறு தடவை எழுதத் தொடங்கிவிட்டது என்று வையுங்கள். லாக் 33 ஜிபிக்கு வீங்கிவிட்டது. நீங்கள் கண்டுபிடித்து, சந்தோஷமாக அழித்துவிட்டீர்கள். டியூ 71 என்கிறது. டிஎஃப் இன்னும் 104 என்றே நிற்கிறது. இந்த இடத்தில்தான் வைரஸ் பேச்சு தொடங்கும்.

பார்ப்பதற்கு ஒரு கட்டளை உண்டு: சூடோ எல்எஸ்ஓஎஃப் +எல்1. 'சூடோ' என்பது அந்த ஒரு கட்டளையை மட்டும் ரூட்டின் அதிகாரத்தோடு ஓட்டு என்று கேட்பது, கடவுச்சொல் கேட்கும். '+' குறிக்குப் பின்னால் வருவது பெரிய எழுத்து எல், அப்புறம் ஒன்று. பேர் வெட்டப்பட்டும் திறந்தே கிடக்கிற கோப்புகளையும், அவற்றைப் பிடித்து வைத்திருக்கிற நிரலையும் இது வரிசையாகச் சொல்லும். சில சின்னக் கோப்புகள் எப்போதும் அதில் இருக்கும், கவலைப்பட வேண்டாம். அளவு காட்டும் நெடுவரிசையில் பெரிய எண் உள்ளதைப் பாருங்கள். அந்த நிரலை நிறுத்தித் திரும்பத் தொடங்கினால் இடம் அந்த நொடியே திரும்பிவிடும்.

"ரீஸ்டார்ட் பண்ணினேன், சரியாகிவிட்டது" என்று சொல்கிறார்களே, அதன் பின்னால் இருக்கிற காரணங்களில் இதுவும் ஒன்று. கணினியை நிறுத்தும்போது எல்லா நிரலும் மூடப்படுகிறது, பேரில்லாத கோப்புகளின் பிளாக்குகளும் விடுபடுகின்றன. நோய் போகவில்லை என்பது மட்டும் மறந்துவிடக் கூடாது. அதே நிரல் அதே பிழையை மறுபடியும் எழுதத் தொடங்கும்.

ஓடிக்கொண்டிருக்கிற நிரலின் லாக்கைக் குறைக்க வேண்டும் என்றால் அழிக்காமல் உள்ளே இருப்பதை மட்டும் வெறுமையாக்குவது நல்லது: சூடோ ட்ரங்கேட் -எஸ் 0 கோப்பின்-பெயர். பேர் அப்படியே இருக்கும், பெரும்பாலும் இடம் உடனே திரும்பும். கோப்பின் பெயரை இரண்டு தடவை சரிபார்த்துவிட்டு என்டர் அழுத்துங்கள். டெர்மினலில் குப்பைக்கூடை கிடையாது.

## மேலே ஒரு டிஸ்க், கீழே ஒரு கோப்பு

இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போகாமல் இருக்க இன்னொரு காரணம், அரிதானது, ஆனால் காப்புப் பிரதி எடுக்கிற பழக்கம் உள்ளவர்களைத்தான் பிடிக்கும்.

லினக்ஸில் வெளி டிஸ்க் ஒன்றைச் சொருகினால் அது ஒரு ஃபோல்டரின் மேல் பொருத்தப்படுகிறது. இதற்கு மவுண்ட் செய்வது என்று பெயர். பிறகு அந்த ஃபோல்டருக்குள் போனால் வெளி டிஸ்க்கில் இருப்பவை தெரியும். ஒவ்வோர் இரவும் படங்களைக் குறிப்பிட்ட ஒரு ஃபோல்டருக்குப் பிரதி எடுக்கும்படி ஒரு ஸ்டூடியோவில் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். ஒரு நாள் வெளி டிஸ்க்கைச் சொருக மறந்துவிட்டார்கள். ஃபோல்டர் இருக்கிறதே, பிரதி அதற்குள்ளேயே போய்விடும், அதாவது உள் டிஸ்க்கிலேயே. மறுநாள் வெளி டிஸ்க்கைச் சொருகியதும் அது அந்தப் பிரதியின் மேல் வந்து உட்கார்ந்து முழுசாக மறைத்துவிடும். டியூ வெளி டிஸ்க்கைத்தான் பார்க்கும். பலகைக்கு உள் டிஸ்க்கில் இடம் போனது தெரியும்.

வெளி டிஸ்க்கை முறையாகக் கழற்றிவிட்டு அதே ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். ஏதாவது இருந்தால் அதுதான் திருடன்.

டியூவை சூடோ இல்லாமல் ஓட்டுவதும் குறைந்த எண்ணைத் தரும். பார்க்க உரிமை இல்லாத ஃபோல்டர்களை அது விட்டுவிட்டுப் போகிறது. அனுமதி இல்லை என்று ஒரு வரி எழுதிவைக்கும், நாம்தான் வாசிப்பதில்லை.

## அட்டை தீர்ந்துபோனால்

டிஎஃப் -எச் 40 சதவீதம்தான் போயிருக்கிறது என்கிறது. ஆனால் ஒரு சின்னக் கோப்பைக்கூடச் சேமிக்க முடியவில்லை. இடம் இல்லை என்றே பிழைச் செய்தி வருகிறது. இது நேர்ந்தால் முடியைப் பிய்த்துக்கொள்ளத் தோன்றும்.

காம்பரா காலியாக இருந்தும், எழுதிக்கொடுக்கக் குடும்ப அட்டை இல்லாத நிலை இது. அந்த அட்டைக்கு டிஸ்க்கில் பெயர் ஐநோட். எக்ஸ்ட்4-இல் ஐநோட்டுகளின் எண்ணிக்கை கோப்பு முறைமையை உருவாக்கும்போதே தீர்மானிக்கப்பட்டுவிடுகிறது. வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. 128 ஜிபி டிஸ்க்கில் சுமார் 78 இலட்சம். ஒரு கோப்புக்கு ஒன்று, ஒரு ஃபோல்டருக்கு ஒன்று. கோப்பு 4 ஜிபி வீடியோவாக இருந்தாலும் ஒன்றுதான், நூறு பைட் குறிப்பாக இருந்தாலும் ஒன்றுதான்.

'டிஎஃப் -ஐ' என்று கேட்டால் பிளாக்குக்குப் பதிலாக ஐநோட் கணக்கு வரும். வீட்டுக் கணினியில் இது தீர்ந்துபோவது அபூர்வம். இணையத்தளம் ஓடுகிற, மின்னஞ்சல் தேங்குகிற கணினிகளில் இலட்சக்கணக்கான சின்னச் சின்னக் கோப்புகள் சேர்ந்துவிடும்போது நடக்கும். அங்கே பெரிய கோப்பைத் தேடி அழிப்பதில் பயனில்லை. எண்ணிக்கையில் அதிகமான குட்டிக் கோப்புகளைத்தான் தேட வேண்டும்.

சுருக்கமாக: இடம் இல்லை என்ற ஒரே செய்தி இரண்டு காரணங்களால் வரும். பிளாக் தீர்ந்ததா என்று '-எச்' சொல்லும், ஐநோட் தீர்ந்ததா என்று '-ஐ' சொல்லும்.

## தேடுகிற விதம்

சரி, பேர் உள்ள கோப்புகள்தான் இடத்தைத் தின்றிருக்கின்றன என்று தெரிந்துவிட்டது. எங்கே என்று தேட மேலிருந்து கீழே இறங்க வேண்டும்.

சூடோ டியூ -எக்ஸ்எச் -டி 1 / | சோர்ட் -எச்

பார்க்கப் பயமாக இருந்தாலும் துண்டு துண்டாக வாசித்தால் எளிது. 'எக்ஸ்' என்றால் இந்த ஒரு கோப்பு முறைமையை விட்டு வெளியே போகாதே, சொருகியிருக்கிற பென் டிரைவையெல்லாம் எண்ணாதே என்று பொருள். '-டி 1' என்றால் ஒரு படி ஆழம் மட்டும் காட்டு. சாய்கோடு, தொடங்குகிற இடம். நடுவில் இருக்கிற நெட்டைக் கோடு ஒரு கட்டளையின் பதிலை அடுத்த கட்டளைக்குக் கொடுக்கிறது. சோர்ட், சிறியதிலிருந்து பெரியதற்கு வரிசைப்படுத்துகிறது. ஆகவே கடைசி வரி மொத்தம், அதற்கு மேலே இருப்பது முதல் சந்தேகநபர்.

அது '/வார்' என்று வந்தால், சாய்கோட்டுக்குப் பதில் '/வார்' போட்டு மறுபடியும் ஓட்டுங்கள். '/ஹோம்' என்றால் அதற்குள். மூன்று நான்கு படியில் ஆள் அகப்பட்டுவிடுவார். 'என்சிடியூ' என்ற நிரலை நிறுவினால் இதே வேலையை அம்புக்குறி விசைகளாலேயே செய்யலாம், ரொம்ப வசதி. ஆனாலும் டியூவைக் கையால் சில தடவை ஓட்டிப் பழகிய பிறகு அதற்குப் போவது நல்லது என்பேன். "ஒரே கிளிக்கில் சுத்தம்" என்று சொல்லிக்கொண்டு வருகிற கிளீனர் நிரல்களை மட்டும் நான் யாருக்கும் சிபாரிசு செய்வதில்லை. எதை அழிக்கிறது என்று அவை தெளிவாகச் சொல்வது அபூர்வம்.

வழக்கமாக அகப்படுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். '/வார்/லாக்'கில் இருக்கும் சிஸ்டம்டியின் (பின்னணி நிரல்களைத் தொடங்கி நிர்வகிக்கிற லினக்ஸின் பகுதி) குறிப்பேடு ஒன்று. வேறு சொல்லாவிட்டால் டிஸ்க்கில் 10 சதவீதம், அதிகபட்சம் 4 ஜிபி வரை அது வளர அனுமதி உண்டு. 'சூடோ ஜேர்னல்சிடிஎல் --வாக்யூம்-சைஸ்=200எம்' என்றால் பழைய குறிப்புகளைக் களைந்து 200 எம்பி அளவுக்குக் கொண்டுவரும். கடைசி எழுத்து பெரிய எம்.

அடுத்தது, '/ஹோம்'-இல் உங்கள் சொந்த ஃபோல்டருக்குள், புள்ளியில் தொடங்கும் பெயர் உள்ள மறைந்த ஃபோல்டர்கள். 'டியூ -எஸ்எச் *' என்று நட்சத்திரம் போட்டுக் கேட்டால் இவை கணக்கில் வரா; நிறையப் பேர் இங்கே ஏமாறுகிறார்கள். '-டி 1' போட்டால் வரும். பிரவுசர்களும் மற்ற நிரல்களும் சேர்த்து வைக்கிற '.கேஷ்' அங்கேதான் இருக்கிறது. குப்பைக்கூடையும் அங்கேதான், '.லோக்கல்' என்பதன் உள்ளே. டெர்மினலில் அல்லாமல் ஃபோல்டர் சாளரத்தில் கோப்பை அழித்தால் அது குப்பைக்கூடைக்கு இடம் மாறுகிறது, அவ்வளவே. பேர்கூட வெட்டப்படவில்லை.

மென்பொருள் பொதிகளின் சேமிப்பு இன்னொன்று. மென்பொருளை 'ஏபிடி-கெட்' என்ற கட்டளை கொண்டு நிறுவினால் இறக்கிய பொதிகள் '/வார்/கேஷ்/ஏபிடி/ஆர்க்கைவ்ஸ்' என்ற ஃபோல்டரில் தங்கிவிடும். புதிய 'ஏபிடி' கட்டளை நிறுவி முடிந்ததும் தானாகவே நீக்கிவிடும். 'சூடோ ஏபிடி கிளீன்' என்றால் அந்த ஃபோல்டர் காலி. ஆனால் டேட்டா கார்ட் போட்டு, சிக்னல் கிடைக்கிற சன்னலோரம் பார்த்து இறக்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரே பதிப்பு உபுண்டு உள்ள நாலைந்து கணினிகள் உங்களிடம் இருந்தால் அந்தப் பொதிகளை உடனே துடைத்துவிடாதீர்கள். பென் டிரைவில் மற்றக் கணினிகளின் அதே ஃபோல்டருக்குக் கொண்டுபோனால் அவை மறுபடியும் இறக்க வேண்டியதில்லை.

இத்தனைக்கும் பிறகு, ஸ்டூடியோக் கணினியில் டியூ காட்டப்போவது பெரும்பாலும் கலியாண வீடியோக்களைத்தான். அதற்குக் கட்டளையில் வைத்தியம் இல்லை, வெளி டிஸ்க்குக்கு மாற்ற வேண்டியதுதான். மாற்றிய பிறகு இரண்டு பக்கமும் டியூ ஓட்டிப் பார்த்தால் எண்கள் ஒத்துப்போகாமல் இருக்கலாம். வெளி டிஸ்க்குகள் பல எக்ஸ்ஃபேட் என்ற கோப்பு முறைமையில் இருக்கும். விண்டோஸில் ஃபார்மட் செய்த பெரிய எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் ஒரு காம்பரா வழக்கமாக 128 கேபி. சின்னப் படங்கள் நிறைய இருந்தால் அந்தப் பக்கம் கணிசமாகக் கூடும். இங்கேதான் '--அப்பாரண்ட்-சைஸ்' உதவும்; இரண்டு பக்கமும் அதைப் போட்டுக் கேட்டால் கிட்டத்தட்ட ஒரே எண் வர வேண்டும். எண் ஒத்துப்போனாலும் சில வீடியோக்களை வெளி டிஸ்க்கிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே இருப்பதை அழியுங்கள். அழித்த பிறகு குப்பைக்கூடையைக் காலி செய்யுங்கள், எடிட்டிங் நிரல் திறந்திருந்தால் மூடுங்கள், அப்புறம் டிஎஃப் -எச்.